பச்சைப் பொடியும் என் வாயும்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வீட்டில் எல்லாருக்கும் தெரியும், கடைக்கு வருகிறவர்களுக்கு இன்னும் நன்றாகவே தெரியும். பத்தொன்பது வருடமாக ஒரே மருந்துக்கடையில் மருந்து எடுத்துக் கொடுக்கிறேன். தொப்பையைக் கரைக்கும் பெல்ட், பாதத்தில் ஒட்டினால் உடம்பின் கழிவையெல்லாம் உறிஞ்சும் பட்டை, தூங்கும்போதே எடையைக் குறைக்கும் தேநீர் என்று யார் எதைக் கொண்டுவந்து காட்டினாலும் விடமாட்டேன். "தூங்கிக்கிட்டே இளைக்கிறதா இருந்தா எங்க முதலாளி இந்நேரம் எலும்புக்கூடா இருக்கணுமே!" என்பேன். முதலாளியும் சேர்ந்து சிரிப்பார்.

அந்தச் சாமான்களைப் பற்றி நான் சொன்னது ஒன்றுகூடத் தப்பில்லை. அதுதான் இப்போது வயிற்றெரிச்சல்.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். திரைச்சீலை தைக்கும் கடையில் வேலை. நாலு வருடமாக ரத்தக் கொதிப்பு. மாதத்தின் முதல் சனிக்கிழமை, வேலை முடிந்து நேராக என்னிடம் வருவாள். மாதாமாதம் வாங்குகிறவர்களுக்கு எங்கள் கடையில் ஒரு வசதி உண்டு. காலை மாத்திரை, இரவு மாத்திரை என்று நாள்வாரியாகக் காகித உறையில் போட்டு, வாயை ஸ்டேப்ளர் பின் அடித்துக் கொடுப்போம். வாங்கிப் போனதும் அவரவர் அட்டையில் ஒரு டிக். அக்காவின் உறைகளை வேறு யாரையும் தொட விடமாட்டேன்.

போன வருடம் ஒரு சனிக்கிழமை, கடையில் ஏழெட்டுப் பேர் நிற்கும்போது, பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"காலையில கூட நடக்க வர்றவங்க குடுத்தாங்கடி. ஏதோ பச்சைப் பொடியாம். படிச்சுப் பாத்துச் சொல்லு, சாப்பிடலாமா?"

அவள் மெதுவாகத்தான் கேட்டாள். எனக்குத்தான் மேடை கிடைத்துவிட்டது. டப்பாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, செய்தி வாசிப்பது போல் உரக்க ஆரம்பித்தேன்.

"கேளுங்க, கேளுங்க! மூட்டு வலி நிக்குமாம், முடி கொட்டுறது நிக்குமாம், ரத்தக் கொதிப்பு நிக்குமாம். விட்டா ஓடுற பஸ் கூட நிக்கும் போலிருக்கே!"

கடையே சிரித்தது. முதலாளிக்குப் புரையேறிவிட்டது. எனக்கு அதுவும் போதவில்லை. "எங்கக்காவுக்குக் காதுல பூ சுத்துறது ரொம்ப சுலபம். ரெண்டு காதும் காலியாத்தான் இருக்கு" என்றேன். அக்காவும் சிரித்தாள். "சரி சரி, போதும்டி. தூக்கிப் போட்டுடறேன்" என்று டப்பாவைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவள் கேட்டது ஒரு கேள்வி. அதற்கு நான் பதிலே சொல்லவில்லை. 'கொதிப்பு மாத்திரையை மட்டும் நிறுத்திடாதக்கா' என்று ஒரு வார்த்தை! தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நான் சொல்ல வேண்டிய வார்த்தை அது. அவ்வளவு பேசிய வாயில் அது வரவில்லை.

அதற்குப் பிறகும் ஒரு மாதம்கூடத் தவறாமல் வந்தாள். உறைகளை வாங்கிக்கொண்டாள், நான் டிக் போட்டேன். ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி என் கைக்கெட்டிய தூரத்திலேயே இருக்கிறது. போகிறவர் வருகிறவர் கையிலெல்லாம் சுற்றிப் பார்க்கிறவள், அக்கா கையில் ஒரு தடவை சுற்றவில்லை. அதுதான் அட்டையில் டிக் இருக்கிறதே என்ற நினைப்பு.

பொடி வந்ததிலிருந்து எட்டாம் மாதம், தைத்துக்கொண்டிருந்தபோதே மெஷின் மேல் சரிந்துவிட்டாள். மூளையில் ரத்தக் கசிவு.

"கொதிப்பு மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டாங்களா?" என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்.

"நானே மாசாமாசம் கட்டிக் குடுக்கிறேன் டாக்டர். ஒரு நாள் தப்பாது" என்றேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

மாற்றுத்துணி எடுக்க அவள் வீட்டுக்குப் போனேன். அலமாரியில் துணிகளுக்கு அடியில், திரைத்துணியின் வெட்டுத் துண்டுகள் நிறைந்த பை ஒன்று இருந்தது. கையை விட்டால் காகிதம் சரசரத்தது. ஏழு மாத உறைகள். ஒன்றில்கூடப் பின் கழற்றவில்லை. என் கையெழுத்தில் காலை, இரவு, காலை, இரவு.

கூட வந்திருந்த அக்கா மகள் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"அந்தப் பொடி வேலை செய்யணும்னா மாத்திரையை விடணும்னாங்களாம், சித்தி. எனக்கே போன வாரந்தான் தெரியும். உங்ககிட்ட சொல்றேன்னு கிளம்பினேன். 'வேணாம்டி, கடையில வச்சு மானத்தை வாங்கிடுவா'ன்னு அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. மாத்திரை வாங்காம விட்டா நீங்க கண்டுபிடிச்சுடுவீங்கன்னுதான் மாசாமாசம் வந்து வாங்கியிருக்காங்க."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணலுக்கு ஒன்றும் ஆகவில்லை, குத்துக்கல்லாட்டம் இருக்கிறது. கெட்டது என் அக்கா. டாக்டரிடம் திரும்பிப் போய், நான் சொன்னது தப்பு என்று சொன்னேன். எழுதியிருந்ததை அடித்துவிட்டு வேறு எழுதிக்கொண்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

அக்கா பிழைத்துக்கொண்டாள். பேச்சு குழறினாலும் புரிகிறது. வலது கைதான் வரவில்லை. தையல் கடையில் வேறு ஆள் வைத்துவிட்டார்கள். இப்போது தினமும் இரண்டு வேளையும் மாத்திரையை நானே போய்க் கொடுக்கிறேன். விழுங்கியதும் வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டுகிறாள். நான் ஒரு நாளும் காட்டச் சொன்னதில்லை. என்னைவிட மூத்தவள் அப்படிக் காட்டும்போது செத்துப்போகலாம் போலிருக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை கொஞ்சம் முன்னதாகவே போய்விட்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அசையாத அந்த மணிக்கட்டில் செம்பு நிறத்தில் ஒரு காந்த வளையம். நரம்பைத் தட்டி எழுப்புமாம், எங்கள் கடையிலும் இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். என்னைப் பார்த்ததும் இடது கையால் சட்டைக் கையை அவசரமாக இழுத்து மூடினாள்.

"காட்டுக்கா. நான் சிரிக்க மாட்டேன்."

"ஒண்ணுமில்லடி" என்றாள்.

"அதைப் போட்டுக்கோ, ஒரு கெடுதலும் இல்ல. என்கிட்ட சொல்லிடு, அது போதும்."

"ஒண்ணுமில்லன்னு சொல்றேன்ல. மாத்திரையைக் குடு" என்று வாயைத் திறந்தாள்.

நாக்கில் வைத்து, தண்ணீரை நானே வாயருகே பிடித்தேன். விழுங்கினாள். சட்டைக் கையை அவள் விடவே இல்லை.