மீதி அடுத்த மாத்திரைக்கு

சலூன்காரருக்குப் பொழுது தண்ணீருக்கு அடியில்தான் விடியும். எழுந்திரு என்று மனசு சொல்லும். கால் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளாது. நடுக்குவாதத்துக்கான மாத்திரை வேலை செய்தால்தான் உடம்பு மெல்ல மேலே மிதந்து வரும். மூன்று மாதமாக மாத்திரையும் சரியாக வேலை செய்யவில்லை. கனவில் மட்டும் கத்திரிக்கோல் ஓடும். யார் யாரோ வரிசையாக வந்து தலையைக் கொடுப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மகள் கல்யாணம். மனைவியின் முடியோ புதராகக் கிடந்தது. முப்பது வருஷமாக அவர்தான் வெட்டிவிடுவார். "வேற யார் கையும் என் தலையில படக்கூடாது" என்று அவள் ஒரே பிடிவாதம். கல்யாணத்துக்குள் அந்த முடியை வெட்டிவிட வேண்டும். அவருக்கு வேறு ஆசையே இல்லை.

"மாத்திரையை எதோட குடுக்கறீங்க?" டாக்டரம்மா கேட்டார்.

"பாலோடதான். வயித்தைப் புரட்டுதுன்னு சொன்னதுலேர்ந்து ஒரு டம்ளர் பால்" என்றாள் மனைவி, பெருமையாக.

"அங்கதான் வினை. உடம்பை அசைய வைக்கிற சத்து இவர் மூளையில குறைஞ்சுபோச்சு. மாத்திரை அங்க போய்தான் அந்தச் சத்தா மாறணும். பால்ல இருக்கற புரதமும் மருந்தும் ஒரே வாசல்ல முண்டியடிக்குதும்மா. சாப்பாட்டுக்கு அரைமணி முன்னாடி வெறும் தண்ணியோட குடுங்க."

இருவரும் வீடு திரும்பினார்கள். கதவைச் சாத்தியதும் அவள் அழுதாள்.

"நானேதான் உங்க கையைக் கட்டிப்போட்டேனா?"

"பாசத்துல கட்டினதாச்சே, லேசுல அவுழுமா" என்றார்.

சனிக்கிழமை காலை, கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு அவள் கண்ணாடி முன் உட்கார்ந்தாள். அவர் தண்ணீரோடு மாத்திரையை விழுங்கினார். நாற்பது நிமிடத்தில் விரல்கள் ஒவ்வொன்றாகக் கண் விழித்தன. கத்திரிக்கோல் ஓடியது, கனவில் கேட்ட அதே சத்தம். இதுவும் கனவுதானோ என்று பயந்தார். காலில் நரைமுடி உதிர்ந்து கூசிய பிறகுதான் நம்பினார்.

ஆசை யாரை விட்டது? சீவிச் சீவி, இழை இழையாக வெட்டினார். இரண்டு மணி நேரம் போனதே தெரியவில்லை. இடது பக்கம் முடிந்து வலது பக்கம் தொட்டபோது மாத்திரையின் வேகம் தீர்ந்து கட்டைவிரல் நடுங்கியது. கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார். அவமானத்தில் கண்ணாடியைப் பார்க்காமலே சொன்னார்:

"பக்கத்துக் கடையில மீதியை முடிச்சுட்டு வந்துடு."

அவள் கண்ணாடியைப் பார்த்தாள். இந்தப் பக்கம் கல்யாணப் பெண்ணின் அம்மா, அந்தப் பக்கம் புதர். சிரித்துவிட்டாள்.

"அடுத்த மாத்திரை எத்தனை மணிக்கு?"

"ஒரு மணிக்கு."

அவள் துணியை அவிழ்க்கவில்லை. மடியில் கைகோத்து, நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

"நீங்களும் உக்காருங்க. நான் எங்கயும் போகல."