உயரத்தில் வைத்த பேட்டரிப் பெட்டி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கச்சிராயபாளையம் பஸ் ஸ்டாண்டு ஓரம், ஒரு லாரிமேல் பாய்மரப் படகைப் பார்த்தேன். மற்றதெல்லாம் என் கற்பனை. கோமுகி அணையில் பரிசல்தானே ஓடும், பாய்மரம் ஏது என்று சண்டைக்கு வராதீர்கள். கதைக்கு வேண்டியிருந்தது, தண்ணீரில் இறக்கிவிட்டேன்.

2

செந்தமிழ்ச்செல்வி எரிந்துபோன கிணற்று மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றி 'காயில்' கட்டுகிறவள். புருஷன் மாயவன் அணையில் மீன் பிடிக்கிறவன். அவன் வாங்கிவந்த படகின் வயிற்றில் பழைய டீசல் இன்ஜின் இருந்தது. காற்று நின்றுபோனால் அதுதான் கரை சேர்க்கும். ஆனால் அந்தப் புகையில் அவனுக்கு மூச்சு இரைத்தது. இன்னும் ஒரு வருஷம் இதைக் குடித்தால் நுரையீரல் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். செல்விக்குச் சோறு இறங்கவில்லை. (இங்கே அவளை அழ வைத்திருந்தேன். அந்த வரியை அடித்துவிட்டேன். அவள் அழுகிற ரகம் இல்லை.)

"இன்ஜினத் தூக்கிக் கடாசு மாமா. நான் கரண்ட் மோட்டார் வச்சித் தர்றேன்."

"படகப் பத்தி ஒனக்கு இன்னா தெரியும்?"

"சுத்துறது எல்லாம் ஒண்ணுதான்."

3

நாலு பேர் சேர்ந்து இன்ஜினை இறக்கினார்கள். அந்த இடத்தில் சின்ன மோட்டாரை உட்காரவைத்து, தண்ணீரைத் தள்ளும் விசிறியோடு இணைத்தாள். சரி, பேட்டரிகள்? மோட்டார் கொட்டகையில் ஸ்டார்ட்டர் பெட்டியை ஆள் உயரத்தில்தான் மாட்டுவார்கள், தண்ணீர் ஏறாமல் இருக்க. அதே பழக்கத்தில் எட்டு பேட்டரியையும் பெட்டியில் அடுக்கி, பாய்மரத்தை ஒட்டி நெஞ்சு உயரத்தில் பலகை அடித்துக் கட்டினாள்.

"கரண்டு ஒசரத்துல இருந்தாதான் உசுருக்கு நல்லது."

கடலூரில் படகு கட்டுகிற ஒருவரைப் போனில் கேட்டேன். "அடியில கெடந்த பாரத்த எடுத்துட்டு மேல ஏத்திட்டாங்களா? பாய விரிச்சிக்கினு போறப்ப பக்கவாட்டுல காத்து அடிச்சா கவுந்துடும்ங்க" என்றார்.

4

முதல் முடிவு: படகு சத்தமில்லாமல் போய், கூடை நிறைய மீனோடு திரும்புகிறது. எழுதிப் பார்த்தேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை.

இரண்டாவது: காற்றில் படகு சாய, வலை காலைச் சுற்றி, மாயவன்...

வேண்டாம்.

(போன வருஷம் எங்கள் ஊர் கொளஞ்சியம்மாளின் மோட்டார் கொட்டகையில் எர்த் ஒயர் அறுந்து தொங்கியதைப் பார்த்தேன். நமக்கெதுக்கு வம்பு என்று வந்துவிட்டேன். மறுநாள் காலை மோட்டார் போடப் போனவள் உயிரோடு திரும்பவில்லை. பாவி நான். இந்தக் கதை லாரியில் பிறந்தது என்றேனே, அது முழு உண்மை இல்லை.)

5

மாயவன் படகில் ஏறிவிட்டான். ரொம்ப நாளைக்கப்புறம் இருமாமல் சிரிக்கிறான். மலைப்பக்கமிருந்து காற்று எழும்புகிறது.

"எல்லாம் சரியாத்தான இருக்குது?" கரையில் நின்று செல்வி கேட்கிறாள்.

எனக்கு எழுதத்தான் தெரியும். நான் எழுதி முடிப்பதற்குள் பாய் விரிந்துவிடும். பெட்டி எங்கே இருக்கிறது என்று இப்போது உங்களுக்கும் தெரியும். அவன் பாய்க் கயிற்றின் முடிச்சை அவிழ்க்கிறான். என்னை மாதிரி சொல்லாமல் வந்துவிடாதீர்கள்.

அவள் கேட்டுக்கொண்டு நிற்கிறாள். சொல்லுங்கள்.