எழுபது மடங்கு

மத்தியானம் இரண்டு மணிக்குப் பரீட்சை. இயற்பியலில் ஒரே ஒரு பேப்பர்தான் பாக்கி. டெபோரா நான்கு தடவை எழுதி, நான்கிலும் போயிற்று. இதுதான் கடைசி வாய்ப்பு என்று சொல்லிவிட்டார்கள். இதிலும் போனால் பட்டம் கிடையாது. லாரி எடை போடும் வேபிரிட்ஜில் சீட்டு கிழித்தே காலம் போகும்.

மேல்வீட்டில் சுவர் இடிக்கிறார்கள். அதனால் காலையிலேயே நோட்டோடு புருஷன் பிராங்கிளினின் டிரெய்லரில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். எண்ணூர் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் வரிசை விடியலிலிருந்து நகரவில்லை. அவன் டிப்ளமோவை இரண்டாம் வருஷத்தில் விட்டவன். அவனுக்கு எதிலும் பெரிய நம்பிக்கை கிடையாது. இவள் பாஸாக வேண்டும் என்பதில் மட்டும் பிடிவாதம். அதை வாய்விட்டுச் சொன்னதில்லை.

"வரல யா," என்று டெபோரா பேனாவை வீசினாள்.

"இன்னா கணக்கு?"

"ஒரு எலக்ட்ரான். ஒளியோட வேகத்துல புள்ளி ஒம்பது ஒம்பது ஒம்பது ஒம்பது பங்கு வேகத்துல போவுது. உந்தம் எவ்ளோ?"

"நிறையை வேகத்தால பெருக்கு."

"அது உன் டிரெய்லருக்கு. இதுக்கு இன்னொரு எண்ணாலயும் பெருக்கணும். அந்தப் பங்கை வர்க்கம் பண்ணி, ஒண்ணுலேர்ந்து கழிச்சி, வர்க்கமூலம் எடுத்து, அதால ஒண்ணை வகுக்கணும். கழிச்சா பூஜ்யம் வருது. பூஜ்யத்தால எப்பிடி யா வகுக்கறது?"

அவன் நோட்டை வாங்கினான். சூத்திரம் பிடிபடவில்லை. ஆனால் ஒரு வரி தெரிந்த முகம்போல இருந்தது. 0.9998 என்று எழுதி, கீழே 1 என்று முடித்திருந்தாள். அவளை முதலில் பார்த்ததே வேபிரிட்ஜ் ஜன்னலில்தான். நாற்பது டன் வண்டியில் பத்து இருபது கிலோவை யார் பார்க்கிறார்கள் என்று கடைசி இலக்கங்களைத் தள்ளிவிட்டு எழுதும் கை அது.

"இன்னாடி, இங்கயும் லாரிக்கு எடை போட்டுகினுகிறியா? இத்த எதுக்கு ஒண்ணாக்குன?"

"அம்மாந்தூண்டுதான?"

"அந்த அம்மாந்தூண்டுலதான் எல்லாமே கீதோ இன்னாவோ. தள்ளாம போடு."

அவள் அந்த வரியையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குனிந்து எழுத ஆரம்பித்தாள்.

அப்போதுதான் வரிசை நகர்ந்தது. துறைமுகக் கேட்டுக்குப் போனால் டிரைவரை மட்டும்தான் உள்ளே விடுவார்கள். இவளை வெயிலில் இறக்கிவிட வேண்டும். பிராங்கிளின் சாவியைத் தொடவில்லை. பின்னால் ஹாரன்கள் கத்தின. அடுத்த வண்டி டிரைவர் தமீம் இறங்கி வந்து கதவைத் தட்டினான்.

"இன்னா மாமு, ஹனிமூனா? வண்டிய எடு."

"நீ ஏறிப்போ."

"லைன் வுட்டா சாயங்காலம் ஆவும், தெர்தா?"

"தெர்து. போ."

தமீம் எட்டி நோட்டைப் பார்த்தான். "எழுது தங்கச்சி," என்று சொல்லிவிட்டுத் தன் வண்டியை ஒடித்து முந்தினான். அவன் பின்னால் ஒவ்வொன்றாக எல்லா வண்டிகளும் முந்தின.

"எழுபது யா!" என்று டெபோரா கத்தினாள். "நீ சொன்ன மாதிரி பெருக்கினா வர்றதைவிட எழுபது மடங்கு! ஒளி வேகத்துல தொண்ணூத்தொம்பது சதவீதம் போனா ஏழு மடங்குதான். அதுக்கு மேல வேகம் ஒரு சதவீதம்கூட ஏறல, உந்தம் பத்து மடங்கு ஏறிட்ச்சி."

"அப்போ தள்ளத் தள்ள வேகம் ஏறாது. நிறுத்தறதுதான் கஷ்டமாவும்."

"அதே தான் யா!" ஒரு வாரத்தில் முதல்முறையாகச் சிரித்தாள். சிரித்தபடி நிமிர்ந்தவள் முன்னால் வெறும் சாலையைப் பார்த்தாள். "லைன் எங்க?"

"போய்ட்ச்சி."

"ஏன் யா சொல்லல?"

"மணி பத்துதான் ஆவுது. இன்னொண்ணு போடு."

டெபோரா அவன் தோளில் ஒரு நொடி நெற்றியை வைத்து எடுத்தாள். பக்கத்தைத் திருப்பினாள். பிராங்கிளின் ஜன்னலில் துண்டைக் கட்டி, நோட்டில் விழுந்த வெயிலை மறைத்தான்.