லீடரக்காவின் மூன்று நாள் பயிற்சி

தையல் ஆலையில் அறுபது பெண்களுக்கு அவள்தான் லைன் லீடர். வயதில் மூத்தவர்கள்கூட 'லீடரக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். கூட வேலை செய்கிறவர்களுக்கு எச்.ஐ.வி. தடுப்பைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க லைனுக்கு ஒருவரைப் பயிற்சிக்கு அனுப்பச் சொன்னபோது, மேனேஜர் யோசிக்காமல் அவளை அனுப்பினார்.

முதல் நாள் சிரிப்பாகவே போனது. மரக்கட்டையில் ஆணுறை மாட்டிக் காட்டச் சொன்னார்கள். "ஊசியில நூல் கோக்கற கைக்கு இதென்ன பெரிய வித்தையா?" என்று அவள் எழுந்து போய் மாட்டிக் காட்ட, ஹாலே அதிர்ந்தது.

மறுநாள் காலை, பயிற்சி கொடுத்த நர்சம்மா, நோய் முற்றினால் என்னென்ன வரும் என்று பலகையில் எழுதினார். உடம்பு உருகிப்போவது. நிற்காத பேதி. வாயில் வெள்ளைப் புண். காசநோய். நோட்டில் எழுதிக்கொண்டே வந்தவளின் பேனா நின்றது. மூன்று வருஷத்துக்கு முன் அவள் புருஷன் இப்படித்தான் போய்ச் சேர்ந்தான். நுரையீரல் கோளாறு என்று மாமியார் வீட்டில் சொன்னார்கள். அவளும் துருவிக் கேட்கவில்லை.

மகளுக்கு இப்போது ஆறு வயது.

டீ நேரத்தில் நர்சம்மாவிடம் போனாள். "எங்க பக்கத்து வீட்டுல ஒருத்தி, சிஸ்டர். புருஷன் இப்படித்தான் செத்தான். அவளுக்கும் இருக்குமா?"

நர்சம்மா அவள் முகத்தையே பார்த்தார். "டெஸ்ட் பண்ணினாத்தான் தெரியும். அந்தம்மாவக் கூட்டிட்டு வாங்க. விரல்ல ஒரு குத்து, அவ்வளவுதான்."

"அவ வந்துட்டா, சிஸ்டர்."

விரலில் குத்தி ரத்தம் எடுத்த பிறகு பக்கத்து அறையில் காத்திருந்தாள். ஹாலில் கேள்வி பதில் நடந்தது. "கொசு கடிச்சா பரவுமா?" "பரவாது!" "ஒரே தட்டுல சாப்பிட்டா?" "பரவாது!" எல்லாப் பதிலும் அவளுக்குத் தெரியும். தாய்ப்பால் கொடுத்தால் பரவுமா என்று கேட்டபோது காதைப் பொத்திக்கொண்டாள்.

ரத்தத்தை மூன்று முறை சோதித்துப் பார்த்துவிட்டு நர்சம்மா அவள் கையைப் பிடித்தார். "இருக்கும்மா. ஆனா மாத்திரை இருக்கு. தினம் தவறாமப் போட்டா பேரன் பேத்தி எடுக்கலாம்."

"என்னை விடுங்க. பாப்பாவுக்கு?"

பள்ளிக்கூடத்துக்கு ஓடிப் போய்க் கூட்டிவந்தாள். "எதுக்கும்மா குத்தறாங்க?" என்றது குழந்தை. "உனக்கு எவ்வளவு தைரியம்னு பாக்கறாங்க கண்ணு." இந்த முறை உட்கார முடியவில்லை, சுவரோடு சுவராக நின்றாள்.

நர்சம்மா வாசலில் இருந்தே சொல்லிவிட்டார். "பாப்பாவுக்கு இல்ல!"

அவள் அப்படியே தரையில் சரிந்து அழுதாள். "எனக்குத்தானே குத்தினாங்க, நீ ஏம்மா அழற?" என்று மகள் கேட்டாள்.

மூன்றாம் நாள் வரமாட்டாள் என்றுதான் நர்சம்மா நினைத்திருந்தார். வந்தாள். ஆளுக்குப் பத்து நிமிஷம் பேசிக் காட்ட வேண்டும். அவள் முறை வந்ததும் எழுந்தாள்.

"அறிகுறி வரட்டும்னு காத்திருக்காதீங்க. வெளியில ஒண்ணும் தெரியாது. என்னையே பாருங்க, தெரியுதா?"

உதாரணத்துக்குச் சொல்கிறாள் என்று நினைத்து எல்லோரும் கைதட்டினார்கள். நர்சம்மா மட்டும் தலை குனிந்துகொண்டார்.

அடுத்த வாரம் அவள் லைனில் இருந்து பத்தொன்பது பேர் பரிசோதனைக்குப் போனார்கள். தன்னைப் பற்றி அவர்களிடம் சொல்வதா வேண்டாமா என்று அவள் இன்னும் முடிவெடுக்கவில்லை.