சீனியாரிட்டிப்படி ஐந்து படகுகள்

கோலார் தங்கவயலில் மனிதன் மண்ணுக்கடியில் பத்தாயிரம் அடி இறங்கிய நாளுக்கு அடுத்தபடியாகப் பொன்னெழுத்தில் பொறிக்கத்தக்க நாள் ஒன்று உண்டென்றால், அது தங்கவயல் கேனோ போலோ சங்கத்துக்கு ஐந்து படகுகள் வந்திறங்கிய அந்த ஞாயிற்றுக்கிழமைதான். இப்படி அறிவித்தவர் சங்கத் தலைவர் துளசிராமன். ராபர்ட்சன்பேட்டை கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். எதிரில் இருந்ததோ ஏழெட்டுப் பேர், இடமோ அவருடைய கடையின் பின்பக்கக் கிடங்கு. ஆனாலும் மைதானம் நிறைய ஜனம் இருப்பதுபோலத்தான் பேசினார். படகுகள் பெங்களூரில் ஒரு கிளப் கழித்துவிட்டவை என்பதைச் சொல்ல மறந்துவிட்டார்.

ராதிகா ஒரு அண்டாவில் சாய்ந்து நின்றபடி கொட்டாவியை விழுங்கினாள். அவள்தான் அணியின் கோல் கீப்பர்.

ஆட்டம் ஒன்றும் கஷ்டமானதல்ல. பக்கத்துக்கு ஐந்து பேர், ஆளுக்கொரு குட்டிப் படகு. கையாலும் துடுப்பாலும் பந்தைத் தள்ளிக்கொண்டுபோய், தண்ணீருக்கு மேலே ஆள் உயரத்தில் தொங்கும் வலைக்குள் போட வேண்டும். அதன் கீழே படகில் உட்கார்ந்து, துடுப்பைச் செங்குத்தாகத் தூக்கிப் பிடித்துத் தடுப்பவள் ராதிகா. அவளுக்கு விளையாட்டின் மேல் பெரிய மோகம் எதுவும் இல்லை. பெங்களூரில் ஓர் அரசாங்க ஆபீஸில் வேலை. விடியுமுன் உரிகத்தில் ரயிலேறினால், பங்காருபேட்டை வழியாகப் பெங்களூர் போய் வீடு திரும்ப இருட்டிவிடும். பதினோரு வருஷமாக இதே கதை. மாநில அணியில் ஆடியவர்களுக்குச் சொந்த மாவட்டத்துக்கு மாற்றல் உண்டென்று ஆபீஸில் ஒரு விதி இருந்தது. கோலாருக்கு மாற்றல் கிடைத்தால் சூரியன் வந்த பிறகு எழுந்திருக்கலாம். மற்றப் பெண்கள் பதக்கத்தைக் கனவு கண்டார்கள். கனவு காணும் அளவுக்குத் தூங்க வேண்டும் என்பதே ராதிகாவின் லட்சியம்.

மாநில அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வாளர்கள் அடுத்த ஞாயிறு பேத்தமங்கலம் ஏரிக்கு ஒரு மேட்ச் பார்க்க வருவதாக இருந்தார்கள்.

"சார், இதுல மூணு டிசைன் கீது," என்றாள் வின்னி. அணியிலேயே ஒல்லியானவள், முன்னால் போய் கோல் போடுபவள். வீடியோ பார்த்தே பாதி ஆட்டத்தைக் கற்றவள். "இந்தக் கூர் மூக்குக் கார்பன் போட்டுங்க ரெண்டும் என்னிய மாதிரி ஃபார்வர்டுக்கு. லேசு, வேகம், அடுத்தவன் போட்டுக்கு அடியில மூக்க நுழைச்சுடலாம். ஆனா கொஞ்சம் அசந்தா கவுத்துடும். நடுவுல கீற ரெண்டு எல்லாருக்கும் ஆகும். அந்த அகல பிளாஸ்டிக்கு கீப்பருக்கு. இடிச்சாலும் ஆடாது."

துளசிராமன் புன்னகைத்தார். சின்னப் பெண்ணுக்குச் சரக்கு தெரியவில்லை. கார்பன் படகை ஒரு கையால் தூக்கினார். தூக்கிய வேகத்தில் அதுவே மேலே போயிற்று. விரல் மடக்கித் தட்டினார். டொக்கென்றது.

"காத்து கணக்கா கீது. இதெல்லாம் ரெண்டு தேய்ப்புக்குத் தாங்காது." அகலப் படகைத் தூக்கப் பார்த்தார். அது அசையவில்லை. முகம் மலர்ந்தது. "இது சரக்கு! கனம் இருந்தாத்தாம்மா பொருளு. முப்பது வருஷமா எடை போட்டு விக்கறவன் சொல்றேன். இதான் ஃபர்ஸ்ட் குவாலிட்டி."

ஃபர்ஸ்ட் குவாலிட்டி என்ற சொல் விழுந்ததும் செயலாளர் ராஜப்பா எழுந்தார். சுரங்கத் தொழிற்சங்கத்தில் குவார்ட்டர்ஸ் ஒதுக்கும் கமிட்டியில் இருந்தவர். சுரங்கத்தை மூடி இருபது வருஷத்துக்கு மேலாகிறது. சீனியாரிட்டியை யாரும் மூடவில்லை.

"அப்போ அது சீனியருக்குத்தான் போவணும். சங்கத்துல மொதல்ல பேர் குடுத்தது யாரு? வின்னி. கடைசியில வந்தது ராதிகா. அவளுக்கு அந்தக் கூர் மூக்கு."

"அண்ணே, அதுல என் இடுப்பே எறங்காது," என்றாள் ராதிகா.

"எறங்கப் பழகணும்மா. நாங்கெல்லாம் சுரங்கத்துக்குள்ள கேஜ் லிஃப்ட்ல எப்படி எறங்குனோம்? இருபது பேரு நிக்கற எடத்துல நாப்பது பேரு."

"அப்ப உங்களுக்குத் துடுப்புக் குடுத்தாங்களாண்ணே?"

ராஜப்பா ஒதுக்கீட்டுப் பட்டியலை எழுத ஆரம்பித்தார்.

"நாங்க ரெண்டு பேரும் மாத்திக்கறோம், விடுங்க," என்றாள் வின்னி.

"மியூச்சுவல் ட்ரான்ஸ்ஃபரா? தாராளமா. கமிட்டி தீர்மானம் போடணும். கமிட்டி அடுத்த மாசம்தான் கூடும்."

மாற்றல் என்ற சொல்லைப் பதினோரு வருஷமாக ஒரே குரலில் கேட்டுவருகிறோம் என்று ராதிகாவுக்குத் தோன்றியது. ஆள்தான் வேறு வேறு.

அன்று சாயங்காலமே ஏரியில் ஒத்திகை. ராதிகா மூச்சை இழுத்துப் பிடித்துக் கார்பன் படகுக்குள் இறங்கினாள். இறங்கிய பிறகு, அவள் படகில் இருந்தாள் என்பதைவிடப் படகை உடுத்தியிருந்தாள் என்பதே சரி. துடுப்பை உயர்த்தினாள், கவிழ்ந்தாள். நிமிர்ந்தாள். தும்மினாள், கவிழ்ந்தாள். மறுபக்கம் வின்னி அந்தக் கனத்த படகைக் கோலை நோக்கி ஓட்டிக்கொண்டிருந்தாள். பார்க்கிறவர்களுக்கு அது நங்கூரம் போட்டு நிற்பதாகவே பட்டது.

கரையேறியபோது வின்னி காதோரம் சொன்னாள்: "அக்கா, மேட்ச் அன்னிக்கு எறங்கறப்போ மாத்திக்கலாம். கமிட்டி என்ன, தண்ணிக்குள்ள எறங்கியா வந்து தடுக்கப்போவுது?"

தேர்வு நாள் வந்தது. முந்தின நாள் சனிக்கிழமைதான் என்றாலும் ஆபீஸில் வேலை இருந்தது. ரயில் வழியில் எங்கோ நின்று நெடுநேரம் யோசித்தது. ராதிகா படுத்தாள் என்று சொல்லலாம். தூங்கினாள் என்று சொல்ல முடியாது.

கரையில் துளசிராமன் தேர்வாளர் அம்மாளுக்கு மாலை போட்டுப் படகுகளின் கனத்தை விளக்கிக்கொண்டிருந்த சமயம் பார்த்து, இருவரும் படகை மாற்றிக்கொண்டார்கள். ராதிகா அகலப் படகில் உட்கார்ந்தாள். இடுப்பு இறங்கியது. கால் நீண்டது. முதுகுக்குச் சாய்வு கிடைத்தது. இப்படி ஓர் இருக்கை அவளுக்கு எந்த ரயிலிலும் வாய்த்ததில்லை.

ஆட்டம் தொடங்கியது. கூர் மூக்குப் படகில் வின்னி மீன் மாதிரி பாய்ந்தாள். இரண்டு கோல். மைசூரிலிருந்து வந்த எதிரணி தன் வலையைக் காப்பாற்றவே திணறியது. பந்து இந்தப் பக்கம் வரவேயில்லை. வெயில் இதமாக இருந்தது. தண்ணீர் தளக் தளக்கென்று படகைத் தட்டியது. ராதிகா துடுப்பைச் செங்குத்தாக, இரண்டு கையாலும், ரயில் கம்பியைப் பிடிப்பதுபோலப் பிடித்திருந்தாள். முகத்தை ஹெல்மெட்டின் கம்பி வலை மறைத்திருந்தது.

திடீரென்று ஒரு பந்து வந்தது. அவள் துடுப்பில் பட்டுத் திரும்பியது. அவள் அசையவில்லை.

"எஷ்டு கூல் நோடி!" என்று கன்னடத்தில் வியந்தார் தேர்வாளர் அம்மாள். "பதறவே இல்ல. கீப்பர்னா இப்படி இருக்கணும்."

"எல்லாம் படகோட கனம் மேடம்," என்றார் துளசிராமன்.

ராஜப்பா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "அது வின்னியோட போட்டு ஆச்சே..."

"யோவ், சும்மா இருய்யா," என்றார் துளசிராமன்.

அடுத்த பந்து தலைக்கு மேலே போய் வலையில் விழுந்தது. ராதிகா அசையவில்லை. அடுத்தது காதோரமாகப் போய் விழுந்தது. அப்போதும் அதே நிதானம். அம்மாள் கையிலிருந்த பேனா பாதியில் நின்றது. மூன்றாவதும் விழுந்தபின் வின்னி துடுப்பைப் போட்டுக்கொண்டு பறந்துவந்து, அகலப் படகின் விலாவில் ஓங்கி இடித்தாள். படகு ஆடவில்லை. டிசைன் அப்படி.

"அக்கா! ராதிகாக்கா!"

ராதிகா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். ஏரியின் மேல் எந்தக் குரலும் தெளிவாகவே கேட்கும்.

"பங்காருபேட்டை வந்துடுச்சா?"

வின்னியைத் தேர்ந்தெடுத்தார்கள். திரும்பிவரும் வேனில் முதலில் பேசியவர் ராஜப்பா. அவர் முகத்தில் கோபம் இல்லை. பல வருஷங்களுக்குப் பிறகு ஒரு வழக்கில் ஜெயித்தவரின் அமைதி இருந்தது.

"நான் குடுத்த போட்டுல உக்காந்திருந்தா கவுந்திருப்பே. ஆனா முழிச்சிருந்திருப்பே இல்ல? அதுக்கோசரம்தாம்மா சீனியாரிட்டின்னு ஒண்ணு வெச்சது."

ராதிகா ஜன்னலில் தலையைச் சாய்த்தாள்.

"அக்கா, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்," என்றாள் வின்னி. பதில் வராததால் திரும்பிப் பார்த்தாள். ராதிகா தூங்கியிருந்தாள்.

திங்கட்கிழமை ரயில் சரியான நேரத்துக்கு வந்தது. உட்கார இடமில்லை.