ஆரா பேசிய நாள்

"வாயை மூடு!"

மல்சுன் சாப்பாட்டு மேசையை ஓங்கித் தட்டினாள். கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த லுவாவின் கை பாதியில் நின்றது. காய்ச்சலில் துவண்டு கிடந்த மகள் ஆராவிடம், "இன்னும் ஒரே ஒரு வாய்டி தங்கம்" என்று தன் வியட்நாம் பேச்சில் முணுமுணுத்ததுதான் அவள் செய்த குற்றம்.

"எத்தனை தடவை சொல்றது? உன் ஊர்ப் பேச்சு இந்த வீட்டுல கேக்கவே கூடாது. ரெண்டு பாஷையும் கேட்டா பிள்ளை குழம்பிப்போயிடும்."

"சரி அண்ணி. கொரிய பாஷையிலயே பேசுறேன்."

"நீ பேசுற கொரிய பாஷையா? ஐயோ, அது அதைவிட மோசம்! உன் கொச்சை அவ நாக்குல ஒட்டிக்கிட்டா நாளைக்குப் பள்ளிக்கூடத்துல 'கலப்புப் பிள்ளை'ன்னு சிரிப்பாங்க. டிவியைப் போட்டு விடு. அது சுத்தமாப் பேசும்."

மல்சுன், லுவாவின் கணவன் டோக்சுவுக்கு அக்கா. தம்பியை வளர்த்து ஆளாக்கியவள். அவளைப் பொல்லாதவள் என்று சொல்லிவிட்டால் கதை சுலபமாக முடிந்துவிடும். ஆனால் ஆராவைத் துணியால் முதுகில் கட்டிக்கொண்டு பழம் விளையும் பிளாஸ்டிக் கூடாரமெல்லாம் சுமந்து திரிந்தவளும் அவள்தான். அவள் போட்ட சட்டம் ஊரில் பல வீடுகளில் நடப்பதுதான். வெளிநாட்டிலிருந்து பெண் வேண்டும், கூடாரத்துப் புழுக்கத்தில் முலாம்பழம் பறிக்க அவள் கை வேண்டும், அவள் பெறும் பிள்ளையும் வேண்டும். அவள் பேச்சு மட்டும் ஆகாது. நல்ல நியாயம்!

லுவா அடங்கிப் போனாள். மகளுக்குத் தலை வாரும்போதுகூட வாய் திறப்பதில்லை. ஆராவுக்கு மூன்று வயது முடிந்தும் ஒரு சொல் வரவில்லை. கேட்டது கிடைக்காவிட்டால் பிள்ளை தரையில் மண்டையை மோதிக்கொண்டது. தடுக்கப் போனால் கடித்தது. நெற்றியில் ஒரு வீக்கம் வடிவதற்குள் இன்னொன்று.

சுகாதார நிலையத்தில் டாக்டரம்மா ஆராவின் காதைச் சோதித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"காது நல்லாத்தான் கேக்குது. வீட்டுல இவகிட்ட யாருங்க நிறையப் பேசுறது?"

டோக்சு தலையைச் சொறிந்தான். "டிவிதாங்க."

"டிவி இவ பதிலுக்குக் காத்திருக்குமா? அம்மா, நீங்க பேசுங்க. உங்களுக்கு எந்த பாஷையில கொஞ்ச வருமோ அதுலயே பேசுங்க. மத்தது தானா வரும்."

லுவாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனால் வண்டி வாசலைத் தாண்டுவதற்குள், கூட வந்திருந்த மல்சுன் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"கல்யாணமே ஆகாத பொண்ணு. பிள்ளை வளர்க்க நமக்குச் சொல்லித்தர வந்துட்டா!"

"நீங்களாவது சொல்லுங்களேன்" என்று லுவா கணவனைக் கெஞ்சினாள்.

"அக்கா நம்ம நல்லதுக்குத்தானே சொல்லுது? கொஞ்ச நாள் பொறுத்துக்க" என்றான் அவன், சாலையைவிட்டுக் கண்ணை எடுக்காமல். பொறுக்க வேண்டியது அவன் இல்லையே!

அடுத்த வாரம் டோக்சுவின் அப்பாவுக்குத் திதி. சொந்தக்காரர்கள் வந்து நிறைந்துவிட்டார்கள். விடிந்ததிலிருந்து லுவா மீன் பொரித்தாள், பலகாரம் சுட்டாள். பொழுது சாயப் படையல் முடிந்து, எல்லோரும் விழுந்து கும்பிட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்கள். ஆவி பறக்கும் சூப் சட்டியை நோக்கி ஆரா கையை நீட்டினாள்.

"சுடும்டி, தொடாதே!"

பதற்றத்தில் லுவாவுக்குத் தன் பாஷைதான் வந்தது. ஆரா திரும்பினாள். அம்மாவை முறைத்தாள்.

"வாயை மூடு!"

சுத்தமான கொரிய பாஷை. ஓர் எழுத்து பிசகவில்லை.

உடனே எழுந்த ஆரவாரம் தெருவரைக்கும் கேட்டது.

"பேசிட்டா! பிள்ளை பேசிட்டா!"

"அடேயப்பா, எவ்வளவு தெளிவா!"

"திதி அன்னைக்கே பேச வச்சுட்டாரு பாரு, பெரியவர்!" என்று டோக்சுவின் சித்தப்பா கையெடுத்துக் கும்பிட்டார். மல்சுன் பிள்ளையை வாரி மடியில் போட்டுக்கொண்டு அழுதேவிட்டாள். டோக்சு கைதட்டிச் சிரித்தான். பிள்ளை வாய் திறந்து முதன்முதலில் என்ன சொன்னது, யாரைப் பார்த்துச் சொன்னது என்று ஒருவரும் கேட்கவில்லை.

மகள் குரலுக்காக மூன்று வருஷம் ஏங்கிய லுவா மட்டும் அதைக் கேட்டு அவமானத்தில் குன்றிப்போனாள். பிறகு எழுந்துபோய், மல்சுன் மடியிலிருந்து பிள்ளையைத் தூக்கினாள். விருந்தாளிகள் நடுவிலேயே உட்கார்ந்தாள். தன் பாஷையில், முணுமுணுக்காமல், எல்லோர் காதிலும் விழும்படி பேசினாள்.

"நான் உன் அம்மாடி. இது சோறு. இது மீன். இதுக்குக் கண்ணு இருக்கு பாரு. சூப்பு சுடும், அம்மா ஊதித் தரேன்."

"ஏய்! சபையில என்ன இது?" மல்சுன் எழுந்துவிட்டாள். "டோக்சு, அவளை நிறுத்தச் சொல்லுடா!"

டோக்சு வாய் திறப்பதற்குள் ஆரா தன் பிஞ்சுக் கையால் அம்மாவின் வாயைப் பொத்தினாள்.

லுவா அந்தக் கையை மெல்ல விலக்கித் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, இன்னும் உரக்கப் பேசினாள்.