முதுகில் பூசும் எண்ணெய்

மதலேனம்மாள் ஞானத்தாயாக நிற்காத ஞானஸ்நானம் மலாயாவில் லாபுப் பக்கத்து அந்த ரப்பர் தோட்டத்தில் நடந்ததே இல்லை என்று சொன்னாலும் சொல்லலாம். வேதக்காரர் வீட்டில் பிள்ளை பிறந்தால் முதலில் மருத்துவச்சிக்கு ஆள் போகும், அடுத்து இவளுக்குத்தான். இவளும் லேசுப்பட்டவள் இல்லை. உப்பு எப்போது, எண்ணெய் எப்போது, தண்ணீர் எப்போது என்று வெள்ளைக்காரச் சாமியாருக்கே எடுத்துக் கொடுப்பாள். அந்தப் பெருமை அவளிடம் கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது.

பிரகாசியின் பிள்ளைக்கு ஞானத்தகப்பன் கிடைப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. அவள் புருஷன் சவரிமுத்து காட்டுக்காரர்களுக்கு அரிசி கொடுத்தான் என்று சந்தேகப்பட்டுப் போலீஸ் அவனைத் தடுப்பு முகாமில் போட்டிருந்தது. காட்டில் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளைக் காட்டுக்காரன் என்றுதான் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் சொல்வார்கள், பேரைச் சொல்லவே பயம். லயத்தைச் சுற்றி முள்கம்பி, கேட்டில் சோதனை. ஒரு பிடி அரிசியோ ஒரு மாத்திரையோ ஒளித்து வெளியே கொண்டுபோனால் ஜெயில். சில பேரைத் தூக்கில் போட்டுவிட்டார்கள் என்றும் பேச்சு. இப்படிப்பட்ட காலத்தில் சவரிமுத்து பிள்ளையை எவன் தொடுவான்?

தொட வந்தவர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸர் அமிர்தலிங்கம். யாரும் கேட்கவில்லை, அவராகவே வந்தார். "நான் நிக்கிறேன்மா, கவலப்படாத" என்றார். மேனேஜர் துரையே நின்று பேசுகிற மனிதர் தன் வாசலுக்கு வந்ததில் பிரகாசிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. டிரஸர் மனைவிக்காக வேதத்தில் சேர்ந்தவர். மற்றவர்கள் முழங்காலிட்டால் இவரும் இடுவார், எழுந்தால் எழுவார், அவ்வளவுதான். பரவாயில்லை, வேண்டியதை நாம் பார்த்துக்கொள்வோம் என்று மதலேனம்மாள் நினைத்தாள்.

பெற்றவள் நாற்பது நாள் கழியாமல் கோயில் வாசலை மிதிக்கக்கூடாது. ஞானத்தாய்தான் பிள்ளையைத் தூக்கிப் போகவேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் டிரஸர் நீளமான வெள்ளை உடுப்போடு வந்தார். பிள்ளைக்குச் சளி இருக்கிறதா என்று பார்ப்பதாகச் சொல்லி உள்ளே தூக்கிக்கொண்டு போய், தானே உடுத்திச் சுற்றிக்கட்டிக் கொடுத்தார்.

"காத்துப் படாம கட்டியிருக்கேன். வீட்டுக்குத் திரும்புற வரைக்கும் அவுக்காதீங்க."

கேட்டில் பெண்களைச் சோதிக்கிறவள் பஞ்சாலை. மதலேனம்மாளைத் தலைமுதல் கால்வரை தடவிப் பார்த்தாள். டிரஸரின் மருந்துப் பெட்டியைத் திறந்து கிளறினாள். பிள்ளைப் பக்கம் நீண்ட கையை மட்டும் பாதியிலேயே இழுத்துக்கொண்டாள்.

"சாமிகிட்ட போற புள்ள. நான் தீண்டக்கூடாது லா, போங்கக்கா."

அந்த நேரம் பார்த்துத்தான் மதலேனம்மாள் பிள்ளையைத் தோளுக்கு மாற்றினாள். முதுகில் உள்ளங்கை பட்டது. துணிக்கு அடியில் தட்டையாக, கெட்டியாக ஏதோ இருந்தது. அழுத்தினாள். மாத்திரைகள் நெறுநெறுத்தன.

அடப்பாவி! வாயைத் திறந்தாள். முள்கம்பிக்கு உள்ளே பிரகாசி கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நின்றாள். இப்போது கத்தினால் யார் பிள்ளை இது, யார் உடுத்திவிட்டது என்று கேட்பார்கள். புருஷன் ஏற்கெனவே முகாமில். பெண்டாட்டியையும் அள்ளிக்கொண்டு போவார்கள். தூக்கிக்கொண்டு நிற்கிற கை யாருடையது என்றும் கேட்பார்கள் அல்லவா? மதலேனம்மாள் வாயை மூடிக்கொண்டாள்.

கோயில் தோட்டத்தின் இன்னொரு பிரிவான பெரிய டிவிசனில் இருந்தது. ரப்பர் மரங்களுக்கு நடுவே நடக்கவேண்டும். போன வாரம் அதே பாதையில் காட்டுக்காரர்கள் ஒரு கங்காணியைச் சுட்டுப் போட்டிருந்தார்கள். அதனால் இரண்டு மலாய்க் கான்ஸ்டபிள்கள் துணைக்கு வந்தார்கள், முன்னால் ஒருவன், பின்னால் ஒருவன். டிரஸர் இதை எதிர்பார்க்கவில்லை. அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"என்ன காரியம் பண்ணிட்டீங்க டிரஸரையா?" என்றாள் உதடு அசையாமல்.

"எனக்கும் புள்ள குட்டி இருக்கு. அவனுங்க கேட்டா குடுக்கணும், இல்லேன்னா மரத்துல கட்டி வெட்டிருவானுங்க. வழியில ஒரு மரத்தடியில போடுறதாத்தான் இருந்தேன். இவனுங்க வந்து தொலைச்சுட்டானுங்க. திரும்பி வரும்போது பாத்துக்கலாம். நீங்க சும்மா வாங்க. கோயில்ல யாரு புள்ளய அவுத்துப் பாக்கப் போறா?"

"சாமியார் பாப்பாரு. எண்ணெ பூசணும்."

"நெத்தியிலதானே?"

"நெஞ்சுலயும் முதுகுலயும்."

டிரஸர் நடப்பதை நிறுத்திவிட்டார். பின்னால் வந்த கான்ஸ்டபிள், "சிப்பாட், சிப்பாட்!" என்று அதட்டி விரைவுபடுத்தினான்.

கோயில் என்பது தகரக் கூரை போட்ட திறந்த கொட்டகை. சாமியாரை ஏற்றிவந்த கவச வண்டி வாசலிலேயே உறுமிக்கொண்டு நின்றது. சுற்றிலும் போலீஸ். ஒதுங்கிப் போய்ப் பிள்ளையை அவிழ்க்க ஒரு மறைவு கிடையாது.

"சாமி, புள்ள நனைச்சுட்டான். துணி மாத்திட்டு..."

"நனைந்தால் நனையட்டும் அம்மா. வண்டி காத்திருக்காது" என்றார் சாமியார் தமது புதுச்சேரித் தமிழில்.

தொடங்கிவிட்டார். பிள்ளையின் பெயரைக் கேட்டார். சந்தியாகு என்றாள். திருச்சபையிடம் என்ன கேட்கிறாய் என்றார். விசுவாசம் என்றாள். உப்பை நாவில் வைத்தபோது பிள்ளை முகத்தைச் சுளித்தது. எத்தனையோ பிள்ளைகளுக்கு நின்றவளுக்கு, ஒவ்வொரு சடங்கும் முடிய முடிய அடுத்தது என்ன என்று தெரிந்தது. தெரிந்ததுதான் கொடுமை. காதைத் தொட்டார், மூக்கைத் தொட்டார். இனிக் கேள்விகள், கேள்விகள் முடிந்தால் எண்ணெய்.

"பசாசை விட்டுவிடுகிறாயா?"

"விட்டுவிடுகிறேன்" என்றாள், பிள்ளைக்காக. டிரஸரின் குரலும் கூடவே வந்தது.

"அதன் கிரியைகளையெல்லாம் விட்டுவிடுகிறாயா?"

"விட்டுவிடுகிறேன்."

"அதன் ஆரவாரங்களை விட்டுவிடுகிறாயா?"

"விட்டுவிடுகிறேன்" என்று சொல்லிக்கொண்டே, உடுப்புக்குள் கையை விட்டுப் பிள்ளையின் தொடையை நகம் பதியக் கிள்ளினாள்.

பிள்ளை வீறிட்டது. மூச்சு உள்ளே போய்த் திரும்பி வரவில்லை. முகம் கறுத்தது. சாமியாரின் விரல் எண்ணெய்ச் சிமிழுக்குப் போயிருந்தது.

"சாமி, ஜன்னி! புள்ளைக்கு ஜன்னி! எண்ணெயெல்லாம் அப்புறம், தண்ணி ஊத்துங்க சாமி, செத்துரப் போவுது!"

சாகிற பிள்ளைக்குத் தண்ணீர்தான் முதலில், மற்றதெல்லாம் பிறகு. சாமியாருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சிமிழை வைத்துவிட்டுச் செம்பை எடுத்தார். பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று லத்தீனில் சொல்லி மூன்று முறை தலையில் ஊற்றினார். அவசரத்தில் தண்ணீர் அவர் அங்கியெல்லாம் சிந்தியது. அதைப் பார்க்க மதலேனம்மாளுக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. கடவுளே, உன் வீட்டிலேயே நின்று பொய் சொன்னேனே!

"டிரஸர் இருக்கிறாரே, பிள்ளையை அவரிடம் கொடுங்கள்!" என்றார் சாமியார்.

கொடுத்தாள். வேறு என்ன செய்வாள்? டிரஸர் பிள்ளையையும் பெட்டியையும் தூக்கிக்கொண்டு கொட்டகை ஓரத்துக்குப் போனார். காற்று வரட்டும், யாரும் கிட்ட வராதீர்கள் என்று சத்தம் போட்டார். போலீஸ்காரர்கள் பயபக்தியோடு விலகி நின்றார்கள். திரும்பி வந்தபோது பிள்ளை லேசாக இருந்தது, பெட்டி கனத்தது.

"ஜன்னிதான் சாமி. இப்ப பரவாயில்ல" என்றார், கொஞ்சமும் பிசிறில்லாத குரலில்.

வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். விட்டுப்போன சடங்குகளை அடுத்த மாதம் முடித்துவிடலாம், இதே இரண்டு பேரும் பிள்ளையைக் கொண்டு வரவேண்டும் என்று சொல்லிச் சாமியார் ஏறிக்கொண்டார்.

திரும்பும் வழியில் டிரஸர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு மரத்துக்குப் பின்னால் ஒதுங்கினார். கான்ஸ்டபிள்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அவர் வந்தபோது பெட்டி வீசி நடக்கிற அளவுக்கு லேசாகியிருந்தது. மதலேனம்மாள் பக்கத்தில் வந்து நடந்தார். காலையில் இருந்த பயம் அந்த முகத்தில் துளியும் இல்லை.

"ஜன்னின்னு சொன்னீங்களே, எனக்கே அந்தப் புத்தி வரல" என்றார். "அடுத்த மாசம் இன்னும் கொஞ்சம் கூட கேப்பானுங்க. எண்ணெ படாத இடம் எதுன்னு உங்களுக்குத்தான் தெரியும்."

"நான் வரமாட்டேன்."

"வராம? சாமியார் ரெண்டு பேரையும்தான் வரச் சொன்னாரு. வரலேன்னா ஏன்னு கேப்பாரு. போலீசும் கேக்கும்."

கேட்டில் பஞ்சாலை பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்சி அனுப்பினாள். பிரகாசி கம்பியருகிலேயே காத்திருந்தாள். ஓடிவந்து பிள்ளையை வாங்கி முகமெல்லாம் முத்தமிட்டாள்.

"கும்புடுறேங்கய்யா" என்று டிரஸரின் கையைப் பிடித்துக் கண்களில் ஒற்றிக்கொண்டாள். "அப்பன் இல்லாத நேரத்துல இவனுக்கு ஒரு அப்பன் கெடச்சிட்டீங்க."

"இன்னும் முடியலம்மா. அடுத்த மாசமும் போகணும். அன்னிக்கும் நானே வந்து உடுத்தி விடுறேன்" என்றார் டிரஸர்.

"நீங்க இருக்கும்போது எனக்கென்ன பயம்!" என்ற பிரகாசி, மதலேனம்மாள் பக்கம் திரும்பினாள். "ஏன்க்கா பேயறஞ்ச மாதிரி நிக்கிறீங்க? எல்லாம் நல்லபடியா நடந்துச்சுல்ல? பசாசெல்லாம் போயிருச்சுல்ல?"

கேட்டில் நின்ற போலீஸ்காரன் பார்த்துக்கொண்டிருந்தான். டிரஸரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போயிருச்சு" என்றாள் மதலேனம்மாள்.